நிறத்தைக் கொடுத்த கொடி

செடிகொடிகளும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வட இத்தாலியின் ஒரு மலைச்சரிவில் கலிஸ்தோவும் அவன் மனைவி ஒர்சோலாவும் வாழ்ந்தார்கள். கல்யாணமாகி வந்தபோது ஒர்சோலா தன் தாய்வீட்டுத் திராட்சைக் கொடியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். வழியெல்லாம் அது, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுக்கொண்டே வந்ததாம்.

கொடி சரிவெங்கும் படர்ந்தது. அக்கம்பக்கத்தாரும் குச்சி வாங்கிப் போய் நட்டார்கள். அதன் மது அப்போது மையைப் போலக் கறுத்திருக்கும். குடித்தவர் உதட்டில் இரண்டு நாளைக்குக் கறை போகாது. கொடிக்கு அதில் ரொம்பப் பெருமை.

ஓர் ஆண்டு கடும்பனி பெய்தது. பனி உருகிய பிறகும் ஒர்சோலாவின் கால்களை விட்டுக் குளிர் போகவில்லை. முழங்கால்கள் மடங்க மறுத்தன. அறுவடைக்குக் கலிஸ்தோ மட்டும் வந்தான்.

"அவள் எங்கே?" என்றது கொடி.

"படுக்கையில். இனி நடக்க மாட்டாள் என்கிறார்கள்."

கொடி தன் வேர்களை மண்ணுக்குள் அசைத்தது. பிறகு சொன்னது: "பழத்தை மிதித்த மறுநாள் தொட்டி பொங்கிச் சூடாக இருக்கும். தோலை எல்லாம் அப்போதே அள்ளிவிடு. அந்தத் தோலின் சூட்டுக்குள் அவளை இடுப்புவரை புதைத்து வை."

"உன் நிறமும் தோலில்தானே இருக்கிறது?"

"ஆமாம். போனால் திரும்பாது. மற்ற தோட்டங்களில் இருக்கும் என் தங்கைகளுக்கும் போய்விடும். வேர்வழியாக இப்போதுதான் கேட்டேன். சரி என்கிறார்கள்."

பழத்தை மிதித்த மறுநாள் கலிஸ்தோ தொட்டியருகே தயங்கி நின்றான். பிறகு தோலை அள்ளினான். ஏழு நாள் ஒர்சோலா அந்தச் சூட்டில் கிடந்தாள். எட்டாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தொட்டியில் மிஞ்சிய மது கோப்பையின் அடி தெரியுமளவு வெளுத்திருந்தது.

அடுத்த அறுவடையில் அக்கம்பக்கத்தார் தொட்டிகளிலும் அதே வெளுப்பு. "இது என்ன, கழுவிய தண்ணீரா?" என்று கொடிகளைப் பிடுங்கத் தொடங்கினார்கள். ஒர்சோலா தோட்டம் தோட்டமாக நடந்துபோய்க் கெஞ்சினாள். யாரும் கேட்கவில்லை. தங்கை ஒவ்வொருத்தியும் போவது கொடிக்கு வேர்வழியாகத் தெரிந்தது. கடைசியில் அது மட்டும் மிஞ்சியது.

வயதான பிறகும் ஒர்சோலா அறுவடைக்கு வருவாள். "என் பழைய நிறம் எனக்கு மறந்துகொண்டே வருகிறது. எப்படி இருந்தேன், சொல்லேன்," என்று கொடி கேட்கும்.

"கோப்பைக்குள் பார்த்தால் கிணற்றுக்குள் பார்ப்பதுபோல இருக்கும்," என்பாள் ஒர்சோலா. "எத்தனை பார்த்தாலும் அடி தெரியாது."

"அப்படியா இருந்தேன்?"

"அப்படித்தான் இருந்தாய்."

அந்தத் திராட்சை இன்று எங்கோ ஒரு சரிவில் மட்டும் காய்ப்பதும், அதன் மது இளஞ்சிவப்பாகத் தெளிந்து நிற்பதும், கலிஸ்தோ தோலை அள்ளிய அந்த நாளிலிருந்துதான்.