மாசி முப்பத்தொன்று

வெகு காலத்துக்கு முந்தி, கடம்பங்குடிச் சீமையைக் கஞ்சுகராயர் என்ற ராஜா ஆண்டார். ஆண்டார் என்பது ஒரு மரியாதைக்கு. நாட்டைக் கட்டி மேய்த்ததெல்லாம் மந்திரி பரஞ்சோதிதான். அந்தப் பதவியின் மேல் தளவாய் மல்லப்பருக்கு ஒரு கண்.

மாசி மாதத்தில் ஒருநாள், ஆயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டாம் வருஷத்து உலக விசேஷங்கள் துறைமுகத்திலிருந்து கடிதமாக வந்தன. மந்திரி சபையில் வாசித்தார்.

"ருஷ்ய ராஜா தலைநகரைச் சதுப்பு நிலத்துக்கு மாற்றிவிட்டாராம். இங்கிலீஷ்காரர்கள் நெருப்பை மூட்டிச் சுரங்கத் தண்ணீரை இறைக்கிறார்களாம். சுவீடன் தேசத்தில் பிப்ரவரிக்கு முப்பது நாளாம்!"

"நம்ம சீமை?"

"நம்ம பேரே இல்லை, மகாராஜா."

ராஜாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மல்லப்பர் சும்மா இருப்பாரா?

"இந்த மாசிக்கு முப்பது நாள். நாம் முப்பத்தொன்றாக்குவோம், பிரபு! பழைய கிழமை, பழைய திதி எதுவும் ஒட்டாத புத்தம் புது நாள்! மந்திரியால் முடியாதென்றால் குடும்பத்தோடு எல்லை தாண்டட்டும்."

"பலே! அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

பரஞ்சோதியின் வீட்டில் மகள் நிறைமாத கர்ப்பிணி. அவளை அழைத்துக்கொண்டு எங்கே போவது? கொஞ்சம் யோசித்தார்.

"உத்தரவு. ஆனால் புது நாள் பாருங்கள், வெளியே ஓடிவிடாமல் கோட்டைக் கதவைச் சாத்த வேண்டும்."

சாத்தினார்கள். மாசி முப்பத்தொன்று விடிந்தது.

நாவிதர் கத்தியைத் தொடவில்லை. "சவரத்துக்கு ஆகுற கிழமையா, ஆகாத கிழமையா, தெரியலையே சாமி!"

சமையல்காரர் அடுப்பே மூட்டவில்லை. "ஏகாதசியா இருந்துட்டா பாவம் யாருக்குங்க?"

மல்லப்பர் சபை வாசற்படியில் ஒரு காலைத் தூக்கினார். "இன்றைக்குச் சூலம் எந்தத் திசை?" யாருக்குத் தெரியும்? தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது.

"ராகு காலமாவது எப்போது?" என்று ராஜா கேட்டார்.

"கிழமையே இல்லையே, மகாராஜா. விடிந்ததிலிருந்து ராகு காலமாகக்கூட இருக்கலாம்" என்றார் பரஞ்சோதி.

உச்சி வெயில் ஏறியது. ராஜாவின் வயிறு சபையே கேட்கக் கத்தியது.

"ரத்து! இந்த நாளை ரத்து செய்கிறேன்! எழுதும் ஓலையை!"

"ஓலைத் தலைப்பில் திதியும் கிழமையும் போட வேண்டுமே, பிரபு."

"அட பாவி மனுஷா! அப்போ நான் எப்போதான் சாப்பிடுவது?" ராஜா அழாத குறைதான்.

அந்த நேரம் மதிலைத் தாண்டிக் காரடை வாசனை வந்தது. ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "யார் அது, இன்றைக்குச் சமைப்பது?"

"ஊர் ஜனங்கள். வெளியே இன்று பங்குனி ஒன்று, நோன்பு அடை சுடுகிறார்கள். தங்கள் நாளைக் கோட்டைக்குள் மட்டும்தான் உண்டாக்கினேன். அவர்களுக்குப் பசிக்குமே!"

ராஜா முறைத்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார். கதவைத் திறக்கச் சொல்லி, முதல் வீட்டு வாசலிலேயே நின்றபடி ஏழு அடை தின்றார்.

"பரஞ்சோதி, நீர் எங்கேயும் போக வேண்டாம். உம் மகளுக்கு அரண்மனை மருத்துவச்சி பிரசவம் பார்ப்பாள். மல்லப்பரே! நாள் உம்முடைய யோசனை. நாளை விடியும்வரை நீரே அதற்குக் காவல் இரும்."

மறுநாள் துறைமுகத்துக்கு ஓலை போயிற்று: "உலக விசேஷங்களில் இதையும் சேர்க்கவும். கடம்பங்குடியில் மாசிக்கு முப்பத்தொரு நாள். ராஜா பாதி நாள் பட்டினி. தளவாய் முழு நாளும் ஒற்றைக்காலில்."