நூற்றெட்டு விதிக்கும் அடங்கிய பிள்ளை

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டைச் சித்திரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவருக்குக் காலையில் ஓர் ஆசை வரும், மாலையில் வேறோர் ஆசை வரும். ஒருநாள் காலையில் வந்த ஆசை பள்ளிக்கூடம். "குடிகளின் பிள்ளைகள் எல்லாரும் படிக்க வேண்டும், கட்டுங்கள்!" என்றார். மாலையில் அதை மறந்து மயில் வளர்க்கப் போய்விட்டார். பொறுப்பு பராங்குசப் பண்டிதர் கையில் விழுந்தது.

பண்டிதர் பாடம் எழுதவில்லை, விதி எழுதினார். மொத்தம் நூற்றெட்டு. பிள்ளை சிரிக்கக் கூடாது, தும்மக் கூடாது, ஜன்னல் வழியே பார்க்கக் கூடாது. வாத்தியாருக்கு விடை தெரியாத கேள்வியைக் கேட்கவே கூடாது, அது பத்தொன்பதாம் விதி. பெற்றவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவர்கள் வாசற்படி தாண்டக் கூடாது. பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று விசாரிக்கவும் கூடாது. வாத்தியார்கூடப் பண்டிதரின் அனுமதி ஓலை வராமல் வகுப்பைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. பாவம் மனுஷன்.

குயவர் தெரு வெள்ளைத்தாய்க்கு ஒரே மகள், தெய்வானை. தான் மண்ணோடு மல்லாடினாலும் மகள் நாலு எழுத்துப் படித்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே தவிப்பு. சேர்க்கை நாளில் மகளுக்கு எண்ணெய் தடவித் தலைவாரி அழைத்துப் போனாள். பண்டிதர் படியில் உட்கார்ந்து ஏட்டைப் பார்த்தபடி இருந்தார். தெய்வானை நேரே வாத்தியாரிடம் போனாள்.

"வாத்தியாரே, சூளைக்குள்ள போன மண்ணு ஏன் செவப்பா வருது?"

வாத்தியார் விழித்தார். பண்டிதர் தலையைத் தூக்காமலே, "பத்தொன்பதாம் விதி மீறல். அடுத்த ஆள்!" என்றார்.

"சாமி, புள்ள தெரியாமத்தானே கேக்குது?"

"எல்லாம் தெரிந்துகொண்டு அடுத்த வருஷம் வரட்டும்."

வெள்ளைத்தாய்க்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். வழியெல்லாம் அந்த மனுஷனையே நினைத்துக்கொண்டு வந்தவளுக்குத் தெருமுனையில் ஒன்று உறைத்தது. அவர் தன் பிள்ளையின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அன்றே மண்ணைப் பிசைந்தாள். தெய்வானை உயரத்துக்கு, சப்பணமிட்டு உட்கார்ந்த ஒரு மண்பெண்ணைச் செய்து, சுட்டு, மகளின் பாவாடையைக் கட்டிவிட்டாள். எட்டாம் நாள் அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு பண்டிதர் முன் நின்றாள்.

"பெயர்?" என்றார் பண்டிதர், ஏட்டைப் பார்த்தபடி.

"பூமாதேவிங்க."

"சிரிப்பாளா?"

"பொறந்ததுலேருந்து சிரிச்சதில்ல சாமி."

"கேள்வி கேட்பாளா?"

"வாயே தெறக்க மாட்டா."

"நடுவில் எழுந்து ஓடுவாளா?"

"வச்ச எடத்துலயே இருப்பா."

"நீ வந்து படிப்பைப் பற்றி விசாரிப்பாயா?"

"விசாரிச்சு எனக்கு என்ன சாமி ஆகப்போவுது?"

பண்டிதருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. "இதல்லவோ வளர்ப்பு!" என்று சொல்லிக் கைநாட்டு வாங்கிக்கொண்டார்.

அன்று முதல் வெள்ளைத்தாய் தினமும் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைப்பாள். காவலன் அதை வகுப்பில் உட்கார வைப்பான். நேரத்துக்கு வருகிறார்களா என்று பார்ப்பது மட்டுமே அவன் வேலை. தெய்வானை ஜன்னலுக்கு வெளியே சுவரோரம் உட்கார்ந்துகொள்வாள். வாத்தியார் முதல் நாளே பொம்மையைக் கண்டுகொண்டு, சொல்ல அனுமதி கேட்டு ஓலை அனுப்பினார். பதினோரு ஓலை அனுப்பியும் பதில் இல்லை. பிறகு அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, கொஞ்சம் சத்தமாகவே பாடம் நடத்த ஆரம்பித்தார்.

மற்ற பிள்ளைகள் தும்மியவன், சிரித்தவள், கொட்டாவி விட்டவன் என்று ஒவ்வொருவராக வெளியேறினார்கள். மூன்றாம் மாதம் மிஞ்சியது பூமாதேவி மட்டுமே. பண்டிதர் அரசவையில் மார்தட்டினார்: "மகாராஜா, ஒரு மாதமாக நம் பள்ளியில் ஒரு விதிகூட மீறப்படவில்லை!"

ராஜாவுக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்துவிட்டது. பட்டுச் சால்வையோடு புறப்பட்டு வந்தார்.

"மற்ற பிள்ளைகள் எங்கே?"

"களையெடுத்துவிட்டோம் மகாராஜா. இவள்தான் நெல்மணி."

ராஜா குனிந்து சால்வையைப் போர்த்தினார். "சொல்லம்மா, ஏழும் ஐந்தும் எவ்வளவு?"

ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது: "பன்னெண்டு!"

"கெட்டிக்காரி!" என்று ராஜா பூமாதேவியின் முதுகில் தட்டினார். 'டங்' என்றது.

பண்டிதர் முதல்முறையாக ஏட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"யாருடைய வேலை இது?" ராஜாவின் மீசை துடித்தது. வாசலில் நின்ற வெள்ளைத்தாய், இன்றோடு தலை போயிற்று, மகள் கதி என்ன என்றுதான் முதலில் நினைத்தாள்.

"உள்ளே வா!"

"படி தாண்டக் கூடாதுங்களே ராசா, விதி."

"நான் சொல்கிறேன், வா! என் பள்ளியையே ஏமாற்றினாயா?"

"இல்லீங்க ராசா. கேட்டதுக்கெல்லாம் உள்ளதைத்தான் சொன்னேன். புள்ளைக்கு உசிரு இருக்கான்னு நூத்தெட்டுல ஒரு விதிகூடக் கேக்கலையே."

ராஜா பொம்மையைப் பார்த்தார், பண்டிதரைப் பார்த்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். சால்வையை எடுத்து வெள்ளைத்தாய் கையில் கொடுத்தார். "விரட்டிய பிள்ளைகள் அத்தனை பேரும் நாளைக்கே வரட்டும், ஜன்னலுக்கு வெளியே இருக்கும் கெட்டிக்காரியும்தான். பண்டிதரே, நீர் பூமாதேவிக்குப் பக்கத்தில் உட்காரும். ஒரே ஒரு நாள் நூற்றெட்டையும் மீறாமல் இருந்து காட்டினால் உம் பதவி உமக்கு."

மாலைக்குள் அதையும் மறந்து மயில்களிடம் போய்விட்டார். எழுந்திரும் என்று சொல்ல ஆளில்லை, ஆகவே பண்டிதர் உட்கார்ந்தார், உட்கார்ந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் தெய்வானை அதே கேள்வியைக் கேட்டாள். வாத்தியார் பழக்கதோஷத்தில் ஓலையை எடுத்தார், பிறகு கீழே வைத்தார். "எனக்குத் தெரியாதம்மா. உங்க அம்மாவைக் கூப்பிடு."

கையில் மண் காயாமலே வந்த வெள்ளைத்தாய் படியில் ஒரு கணம் தயங்கி, தாண்டினாள்.

"காத்து தாராளமா உள்ள போற சூளையில மண்ணு செவக்கும். எல்லா ஓட்டையையும் அடைச்சு வச்சா கறுத்துத்தான் போவும்."

"ஏன் அப்படி?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் ஆவலாகக் கேட்டது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பராங்குசப் பண்டிதர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பத்தொன்பதாம் விதி. பக்கத்தில் பூமாதேவி வழக்கம்போல ஒழுங்காக உட்கார்ந்திருந்தாள்.