மழையில்லாத ராத்திரியில் அடித்த மணி

டங்... டங்... டங்...

ஏய், எந்திரிக்காதே. படு. ஒண்ணுமில்ல ரோசி, பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்துல தொங்குற தண்டவாளத் துண்டை யாரோ தட்டுறாங்க. ஆமா, காலையில கங்காணி தட்டுனதும் அப்பா ஓடிப்போய் வரிசையில நிப்பாரே, அதேதான். ராத்திரியில ஏன் தட்டுறாங்கன்னா? எனக்கென்ன தெரியும். பார், நின்னுடுச்சு. செபம் சொல்லிட்டேல்ல? கம்பளிக்குள்ள வா. காலு எப்படிச் சில்லுனு இருக்கு! அப்பாவுக்கு இந்த வாரம் ஃபேக்டரியில ராத்திரி வேலை, விடியத்தான் வருவாரு. அதுவரைக்கும் நீயும் நானுந்தான். கதையா? சரி. நான் மெதுவாச் சொல்வேன், நீயும் மெதுவா "ம்" சொல்லணும்.

கடலுக்கு நடுவுல ஒரு தீவாம். தீவுக்கு நடுவுல ஒரு மலையாம். மலை மேல நம்மளுது மாதிரியே வரிசையா ஒட்டுன வீடுகளா ஒரு லயமாம், லயத்துல ராக்கம்மான்னு ஒருத்தியாம்.

"ம்."

ராக்கம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிறவ. அவளுக்குக் காது ரொம்பக் கூர்மை. ஒரு மழைக்காலத்து ராத்திரி, மண்ணு சரியப்போகுதுன்னு காவக்காரன் மணி அடிச்சான். டங் டங் டங்! ஊரே தூங்குது. ராக்கம்மா காலு மட்டும் எந்திரிச்சிடுச்சு. அவ முழிக்கறதுக்கு முன்னாடியே காலு வெளியில ஓடுது, வாயி கத்துது: "புள்ளைகளைத் தூக்குங்க! வெளிய வாங்க!" எல்லாரும் புள்ளைகளை அள்ளிக்கிட்டு வெளிய ஓடி வந்தாங்க. அப்புறம் சளசளசள... தொப்! லயமே மண்ணுக்குள்ள போயிடுச்சு. ஒரு புள்ளைக்குக்கூட ஒண்ணும் ஆகல.

அன்னையில இருந்து மலையில யாரும் ராத்திரி கதவுக்குத் தாப்பாள் போடுறதில்ல. மணி அடிச்சா டக்குனு ஓடணுமே. நம்ம கதவும் அப்படித்தானே, சும்மா சாத்தி வச்சிருக்கோம்.

"ம்."

அப்போ ஒருநாள் அந்தத் தீவை ஆண்ட வெள்ளைக்காரத் தொரை பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கப்பல்ல ஏறிட்டான். பூஊஊம்! இனிமே நாட்டை நீங்களே பார்த்துக்கங்கன்னுட்டான். டமடமன்னு வெடி, ஊரெல்லாம் மிட்டாய். கடலோரத்துல கல்லுத்தூண் வச்சு ஒரு பெரிய வீடு. அதுக்குப் பேரு பார்லிமெண்ட். பேசறதுக்குன்னே ஒரு வீடு. ஒவ்வொரு ஊரும் ஒரு ஆளை அனுப்பணும். மலைக்காரங்க யாரை அனுப்புவாங்க? ராக்கம்மாவைத்தான். "நம்ம புள்ளைகளைக் காப்பாத்துனவ, நம்மளையும் காப்பாத்துவா"ன்னு ஓட்டுப் போட்டாங்க.

அப்புறம் ராக்கம்மா வெளுத்த சேலையைக் கட்டிக்கிட்டு ரயிலேறிப் போனா. பக்கத்து நாற்காலியில ஒரு வக்கீல். சமவெளிக்காரர், நம்ம பாஷைதான். "வா தங்கச்சி, பயப்படாதே, அண்ணன் இருக்கேன்"னாரு. கோட்டுப் பையில இருந்து புளிப்பு மிட்டாய் எடுத்துக் குடுத்தாரு. இவளுக்கு அவரைப் பிடிச்சுப்போச்சு.

முத நாள். நாட்டுக்கு என்ன கொடின்னு பேசினாங்க. பேசி முடிச்சதும் டண் டண் டண்ணு மணி. அவ்வளவுதான், ராக்கம்மா எந்திரிச்சு வாசலைப் பார்த்து ஓடுறா! வக்கீலண்ணன் லபக்குனு அவ முந்தானையைப் பிடிச்சாரு.

"எங்க ஓடுற?"

"மணி அடிக்குதேண்ணே, வெளிய போக வேணாமா?"

"அடி பைத்தியமே! இங்க மணி அடிச்சா வெளியில நிக்கிறவன் உள்ள வரணும். மணி நின்னதும் கதவை உள்ளேயிருந்து தாப்பாள் போட்டுடுவாங்க. அப்புறம்தான் ஓட்டுக்குக் கை தூக்கறது. வெளியில மாட்டிக்கிட்டா உன் கை செல்லாது."

எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. "மலையில இருந்து ஆடு வந்திருக்கு"ன்னு ஒருத்தன் சொன்னான். ராக்கம்மாவும் சேர்ந்து சிரிச்சா. புதுசா ஒரு வீட்டுக்குப் போனா முதல்ல அப்படித்தானே சிரிச்சு வைப்போம்.

"ம்."

ரெண்டாவது தடவை, யாரு மந்திரி, யாருக்கு எந்தக் காருன்னு பேசினாங்க. மறுபடியும் மணி. ராக்கம்மா காலு துடிக்குது, வெளிய போ, வெளிய போங்குது. அவ நாற்காலிக் காலை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. வக்கீலண்ணனும் முந்தானை நுனியை விரல்ல சுத்தி வச்சுக்கிட்டாரு. படார்னு கதவைச் சாத்துனாங்க, அவ உள்ளேயே இருந்தா. "பார்த்தியா, கத்துக்கிட்டே"ன்னு இன்னொரு மிட்டாய்.

மூணாவது தடவை... தூங்கிட்டியா?

"இல்லம்மா. மூணாவது தடவை என்ன?"

மூணாவது தடவை, இந்த நாட்டுல யாரு நம்ம ஆளு, யாரு வெளி ஆளுன்னு பேசினாங்க. ஒரு பெரிய மனுசன் எந்திரிச்சாரு, தொந்திதான் முதல்ல எந்திரிச்சது. "தாத்தா இங்கதான் பொறந்தாருன்னு காகிதம் காட்டறவன் நம்ம ஆளு. காட்டாதவன் வெளியாளு. அவனுக்கு ஓட்டு கிடையாது, ஊரு கிடையாது."

மலைக்காரங்ககிட்ட ஏது காகிதம்? அப்போ ராக்கம்மா எந்திரிச்சா.

"ஐயா, எங்க தாத்தா வந்தப்ப இங்க வெறும் காடு. காடு ரசீது குடுக்குமா? செடி உங்க ஊருச் செடிங்கறீங்க. பறிக்கிற கை மட்டும் எப்படிய்யா வெளியூரு?"

ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்தாரு. ஆனா பின்வரிசையில கொஞ்சம் பேரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அவங்க எல்லாம் மலைக்காரங்க பக்கம்னு தெரிஞ்சுது. இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. ஒவ்வொரு கையும் வேணும். சாயங்காலம் டீ குடிக்கப் போனப்போ அந்தத் தொந்திக்காரரு வக்கீலண்ணன் தோள்ல கையைப் போட்டு, தூணுக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போய் என்னமோ சொன்னாரு. ஒரு மந்திரி நாற்காலி காலியா இருந்துச்சாம்.

"அப்புறம்?"

அப்புறம் பேசினாங்க, பேசினாங்க, இருட்டுற வரைக்கும் பேசினாங்க. கொர்... கொர்னு பாதிப் பேரு குறட்டை. அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சவ ராக்கம்மா. அவ தலையும் மெல்லச் சாஞ்சுது. அப்போதான்...

டண்! டண்! டண்!

பகல்ல அடிச்ச மணின்னா நாற்காலியைப் பிடிச்சிருப்பா. இது ராத்திரி மணி. ராத்திரி மணின்னா அவளுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியும். அவ முழிக்கறதுக்கு முன்னாடி காலு ஓடிடுச்சு. தடதடதடன்னு படியில இறங்கறா, "புள்ளைகளைத் தூக்குங்க! வெளிய வாங்க!"

வெளியில வந்து நின்னா. புள்ளைகளும் இல்ல, மண்ணும் இல்ல. காலுக்குக் கீழ கல்லுப்படி. தொட்டுப் பார்த்தா, காஞ்சு கிடக்குது. அண்ணாந்து பார்த்தா நட்சத்திரம். ஒரு சொட்டு மழை இல்ல. அப்போதான் முழிச்சா.

மணி நின்னுடுச்சு.

திரும்பி ஓடி வந்தா. படார்! உள்ள தாப்பாள் விழுந்துச்சு, டக். அவ ரெண்டு கையாலயும் தட்டறா, டப் டப் டப். "ஐயா, திறங்க! நான் இங்கதான் இருக்கேன்!" உள்ள இருந்து வாசல்காரன், "சட்டம்மா, திறக்கக் கூடாதும்மா"ன்னான். கதவுல ஒரு கண்ணாடி. அதுல மூஞ்சியை வச்சுப் பார்த்தா. உள்ள எல்லாரும் கையைத் தூக்கறாங்க. அண்ணன் அவளைப் பார்த்தாரு. பார்த்துட்டு, முந்தி முந்தானையைப் பிடிச்ச அதே கையை மேல தூக்கினாரு. தொந்திக்காரரோட.

ரெண்டே கையில மலைக்காரங்க தோத்தாங்க. அவ கை உள்ள இருந்து, அண்ணன் கையும் இந்தப் பக்கம் இருந்திருந்தா ஜெயிச்சிருப்பாங்க.

"அண்ணன் ஏம்மா முந்தானையைப் பிடிக்கல?"

அதையேதான் அவளும் கேட்டா. கதவு திறந்து, எல்லாரும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன கறின்னு பேசிக்கிட்டு வெளிய வந்தாங்க. "அண்ணே, நான் எந்திரிச்சப்ப ஏண்ணே பிடிக்கல?" அவரு செருப்பைப் பார்த்துக்கிட்டு, "நீ பாத்ரூம் போறேன்னு நினைச்சேன் தங்கச்சி"ன்னாரு. பையில கையை விட்டாரு. மிட்டாய் எடுத்தாரு, ரோசி. அப்பவும் மிட்டாய் எடுத்தாரு.

"வாங்கினாளா?"

வாங்கல.

மறுநாள் போனா வாசல்காரன் மறிச்சான். "உனக்கு ஓட்டுப் போட்டவங்க யாருக்கும் இனிமே ஓட்டு இல்ல. அப்புறம் நீ யாரு?" அவன் கெட்டவன் இல்ல, பாவம், அவனுக்கே கேக்கக் கூச்சமா இருந்துச்சு. ராக்கம்மா ரயிலேறி மலைக்கு வந்தா. ஒவ்வொரு கதவா நின்னு சொன்னா: "நான்தான் வெளிய ஓடிட்டேன்." யாரும் அவளைத் திட்டல. ஒரு கெழவி மட்டும் பால் விடாத சாயத்தண்ணி ஊத்திக் குடுத்து, "நாங்களா இருந்தாலும் ஓடித்தான் இருப்போம்டி"ன்னா. அது திட்டறதைவிட மோசமா இருந்துச்சு அவளுக்கு.

"இப்ப எங்கம்மா அவ?"

இப்பவும் நடக்கறா. ஒவ்வொரு லயத்து வாசல்லயும் நின்னு ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போவாளாம்: "மணி அடிச்சா ஓடாதீங்க. முதல்ல மழையைப் பாருங்க. மழையில்லாத ராத்திரியில மணி அடிச்சா, அது உங்களுக்காக அடிக்கிற மணி இல்ல."

டங்... டங்... டங்...

"அம்மா!"

ஷ்ஷ்... இரு. சுவத்துக்கு அந்தப் பக்கம் பிலோமினாக்கா தட்டறாங்க.

"ஞானசீலி! மணி அடிக்குதுடி! புள்ளையைத் தூக்கிக்கிட்டு வா, ஓடலாம்!"

அக்கா, போகாதீங்க! கூரையைக் கேளுங்க. தகரத்துல ஒரு சொட்டு விழுதா?

"...இல்ல."

கீழ்த்தோட்டத்துல முந்தாநாள் இப்படித்தானே மணி அடிச்சாங்க? வெளிய ஓடி வந்தவங்களைத்தானே வெளியாளுங்கன்னு ஒரு கும்பல் தடியோட நின்னு அடிச்சுது? தாப்பாளைப் போட்டுட்டு விளக்கை அணைங்கக்கா. அடுத்த வீட்டுச் சுவத்தையும் தட்டிச் சொல்லுங்க, அவங்க அதுக்கடுத்த வீட்டுக்குச் சொல்லட்டும்.

"அப்பா வந்தா எப்படிம்மா உள்ள வருவாரு?"

விடிஞ்சப்புறம் வந்து பேர் சொல்லிக் கூப்பிடுவாரு, திறப்போம்.

"ராக்கம்மா வந்தா?"

...அவ வந்துட்டா. உனக்கு அந்தப் பக்கம்தான் படுத்திருக்கா. அவளுக்கும் கொஞ்சம் கம்பளி விடு. கதை வீட்டுக்குள்ள வந்திடுச்சு கண்ணு, நீ கண்ணை மூடு. அம்மா ஒரு நிமிசம் எந்திரிச்சுட்டு வரேன். இந்தத் தாப்பாளை யாரும் போட்டதே இல்ல, துரு ஏறிக் கிடக்கு.

க்ரீச்... க்ரீச்...

டக்.