சாயாத வண்டி

கோவைக்குக் கிழக்கே, நூல் மில்களைத் தாண்டிப் போகிற சாலையில் பூவாத்தாள் ஒரு ஷெட் வைத்திருந்தாள். பந்தயக் கார்கள் கட்டுகிற ஷெட். அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. அதிகம் பேச மாட்டாள். ஏதாவது கேட்டால் உடனே பதில் வராது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு வேலை வரும். பதில் அந்த வேலைக்குள் இருக்கும். எல்லோரும் அவளை மேஸ்திரியம்மா என்றே கூப்பிட்டார்கள்.

அவளிடம் வேலை கற்றவர்களில் வயதில் மூத்தவர் வெள்ளிங்கிரி. ஐம்பத்தெட்டு. மில்லில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரியையைவிடப் பதினான்கு வயது பெரிய சீடர்.

அவருடைய மகன் பிரசன்னா அதே ஷெட்டில் நாலு வருஷம் வேலை பார்த்தவன். இருபத்தாறு வயதில் காய்ச்சல் என்று படுத்தான். ஒன்பதாம் நாள் இல்லாமல் போனான்.

அவன் விட்டுப் போனது ஒரு பைக். அறுநூறு சிசி, நாலு சிலிண்டர். முடுக்கினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அவன் இருந்தவரை, அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே வெள்ளிங்கிரி எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். அவன் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் பைக்கை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, ஸ்டார்ட் செய்துவிட்டு, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

ஒன்றரை வருஷம் இப்படியே போனது. பிறகு ஒருநாள் பைக்கைக் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார்.

“இந்த இன்ஜினை உங்க ரேஸ் கார்ல வெக்கோணும்னு பையன் சொல்லிட்டே இருப்பானுங்க” என்றார்.

பூவாத்தாள் பைக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“காருக்குப் பைக் இன்ஜினான்னு சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டுமுங்க.”

“கியர்பாக்ஸும் இந்தக் கூட்டுக்குள்ளயே இருக்குது. ரெண்டையும் பிரிக்க முடியாது. ரிவர்ஸ் கிடையாது. வண்டி பின்னால வரோணும்னா இறங்கித் தள்ளோணும்.”

“தள்ளறனுங்க.”

“நான் மாட்டித் தர மாட்டேனுங்ணா. நீங்க கத்துக்கிட்டு மாட்டறதா இருந்தா மாட்டலாம்.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு, பழைய மில் சட்டையோடு வெள்ளிங்கிரி வாசலில் நின்றார்.

ஷெட்டில் ஒரு சின்னக் கார் இருந்தது. டிரைவர் சீட்டைத் தவிர உள்ளே எல்லாவற்றையும் உரித்தெடுத்திருந்தார்கள். அதை ஓட்டுகிறவள் ரெஜினா. தூத்துக்குடிப் பெண். நல்ல வேலையை விட்டுவிட்டுப் பந்தயம் என்று கிளம்பியதால் வீட்டில் அவளோடு பேச்சுவார்த்தை இல்லை. பீளமேட்டில் மூன்றாம் மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தனியாக இருந்தாள். பிரசன்னாவும் அவளும் ஒரே மாதத்தில் ஷெட்டுக்கு வந்தவர்கள்.

“அங்கிள், பிரசன்னா கனவுல வேற வந்து திட்டுவான், ஒழுங்கா மாட்டுங்க” என்பாள் ரெஜினா. வெள்ளிங்கிரி சிரிப்பார். அவன் பெயரைச் சாதாரணமாகச் சொல்கிற ஒரே ஆள் அவள்தான்.

காரின் முன்னால் இருந்த பழைய இன்ஜினை இறக்கினார்கள். பின் சீட் இருந்த இடத்தில் இரும்புக் குழாய்களால் ஒரு சட்டம் கட்டி, பைக் இன்ஜினை அதில் உட்கார வைத்தார்கள். பைக்கில் செயின் இருந்த இடத்திலிருந்து பின் சக்கரங்களுக்கு ஒரு ஷாஃப்ட். வெள்ளிங்கிரியின் கைக்கு இதெல்லாம் சுலபமாக வந்தது. மனசுக்குத்தான் வரவில்லை.

இன்ஜினைப் பிரித்தபோது, “பிஸ்டன் நல்லாத்தானுங்களே இருக்குது?” என்றார்.

பூவாத்தாள் மைக்ரோமீட்டரை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். முப்பது வருஷம் அளந்த கை. அவரே அளந்தார். அவரே படித்தார். அவரே அந்தப் பிஸ்டனைத் தனியாக எடுத்து வைத்தார்.

ரிங் போனது. பேரிங் போனது. கிளட்ச் தட்டுகள் போயின. சைலன்சரும் போனது. ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

கடைசியில் சம்ப் வந்தது. இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்குகிற கிண்ணம். வால்பாறை மலைப் பாதையில் ஒருமுறை கல் அடித்து அதில் விரிசல் விட்டுவிட்டது. பிரசன்னாவே அதை வெல்டிங் வைத்தான். அப்போது அவன் வேலைக்குப் புதுசு. வெல்டிங் கோடு நெளிந்து நெளிந்து போயிருந்தது. வெள்ளிங்கிரி அந்தக் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

“இதையும் மாத்தோணும்” என்றாள் பூவாத்தாள். அதே அளவில், உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்து, புதுசாக ஒன்று செய்து வைத்திருந்தாள்.

“இதுல ஒழுகலீங்களே. தேயற சாமானும் இல்லியே. இது எதுக்குங்க?”

அவள் ஒரு டம்ளரில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி அவரிடம் நீட்டினாள்.

“பின்னால ஏறுங்க.”

ஷெட் பைக்கில் அவரை உட்கார வைத்துக்கொண்டு போனாள். சாலை வலப்பக்கம் வளைகிற இடத்தில் வேகம் குறைக்காமல் வண்டியைச் சாய்த்துத் திருப்பினாள். வெள்ளிங்கிரி டம்ளரைப் பார்த்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

திரும்பி வந்து அதே டம்ளரோடு அவரைத் தன் காரில் ஏற்றினாள். அதே வளைவு, அதே வேகம். தண்ணீர் முழுக்க அவர் சட்டையில் கொட்டியது.

“பைக் சாயும். கார் சாயாதுங்ணா” என்றாள். “எண்ணெய் ஓரத்துக்கு ஓடீரும். நடுவுல இருக்கற பம்ப் வெறுங் காத்தை உறிஞ்சும். எண்ணெய் இல்லாம இன்ஜின் உடைஞ்சுரும்.”

வெள்ளிங்கிரி ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

“புரிஞ்சுதுங்களா?”

“புரிஞ்சுதுங்க.”

புது சம்ப்பை அவரே மாட்டினார். முறுக்கின ஒவ்வொரு போல்ட்டின் மேலும் பூவாத்தாள் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தாள். யாராவது கழற்றினால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். பழைய சம்ப்பை வெள்ளிங்கிரி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

பந்தயத்துக்கு முந்தின நாள் காரைத் திடலுக்குக் கொண்டு போனார்கள். நல்ல வெயில். மதியம் ஓட்டுநர்கள் கூட்டம் என்று பூவாத்தாளும் ரெஜினாவும் கிளம்பினார்கள். காருக்கு வெள்ளிங்கிரி காவல்.

கூட்டம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். தன் துணிப்பையில் அந்த சம்ப் இருப்பதும் தெரியும். கறுப்புப் பெயிண்ட் அடித்து, புதுசைப் போலவே ஆக்கிக் கொண்டுவந்திருந்தார். எதற்காகக் கொண்டுவந்தோம் என்று வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டுதான் வந்தார்.

காரைப் பார்த்தார். பிஸ்டன் அவனுடையது இல்லை. பேரிங் அவனுடையது இல்லை. நாளைக்கு இது ஓடும்போது இதில் அவன் கை பட்டது என்று எதைச் சொல்வது?

பன்னிரண்டு சுற்றுதானே என்று நினைத்தார்.

ஜாக்கி வைத்து, எண்ணெயை வடித்து, புது சம்ப்பைக் கழற்றிப் பழையதை மாட்டி, எண்ணெயை மறுபடி ஊற்றினார். சுத்தமான வேலை. போல்ட்டுகளில் மஞ்சள் கோடும் இழுத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பந்தயம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பைக் சத்தம் போடுகிற கார். முதல் சுற்றிலேயே ரெஜினா நாலு பேரை முந்தினாள். சிரிப்பு நின்றது. மூன்றாம் சுற்றில் அவள் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள்.

வெள்ளிங்கிரி கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கண்களை மூடினார். சத்தம் தூரத்தில் மெலிசாகக் கிளம்பி, ஏறி, ஏறி, அவரைத் தாண்டிப் போனது. அவன் தெருமுனையில் திரும்புகிறான். வீட்டுக்கு வருகிறான். வந்துகொண்டே இருக்கிறான். அவர் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

ஐந்தாம் சுற்றில், நீளமான வலது வளைவில், சத்தம் அறுந்தது.

அவர் கண்ணைத் திறந்தபோது கார் தன் எண்ணெயிலேயே வழுக்கிச் சுழன்றுகொண்டிருந்தது. டயர் அடுக்கில் போய் மோதியது. யாரோ சிவப்புக் கொடி காட்டினார்கள். எல்லோரும் ஓடினார்கள். வெள்ளிங்கிரி வேலிக் கம்பியை விடவில்லை.

ரெஜினா பிழைத்தாள். வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. காறை எலும்பும் முறிந்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவள் அவரைப் பார்த்துவிட்டாள்.

“ஸாரி அங்கிள். அவன் இன்ஜினை உடைச்சுட்டேன்” என்றாள்.

வெள்ளிங்கிரி வாயைத் திறந்தார். ஆம்புலன்ஸ் போய்விட்டது.

சாயங்காலம், நசுங்கின காரை ஷெட்டில் இறக்கினார்கள். இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு கை போகிற அளவுக்கு ஓட்டை. பூவாத்தாள் தரையில் படுத்து அடியில் விளக்கைக் காட்டினாள். வெள்ளிங்கிரி அவள் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெகு நேரம் அவள் வெளியே வரவில்லை. வந்தபோது அவள் கட்டைவிரலில் கறுப்புப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

“நாந்தானுங்க” என்றார் அவர்.

“ம்.”

“முந்தாநேத்தே பையில எடுத்து வெச்சுட்டேனுங்க. மாட்டக் கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் மாட்டினேன்.”

அவள் துணியை எடுத்து விரலைத் துடைத்தாள்.

“காலையில நானும் அடியில படுத்து விளக்குப் போட்டுப் பார்த்திருக்கோணும்” என்றாள். “மஞ்சக் கோடு என் கை இழுத்ததா இல்லையான்னு பார்த்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்க மாட்டின வண்டின்னு பார்க்கலைங்ணா.”

அவள் அவரைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

எட்டு நாள் அவர் ஷெட்டுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை முக்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்து பார்த்தார். தெருவில் பால் வண்டி போனது. யார் வீட்டிலோ தாளிக்கிற சத்தம் கேட்டது. அரை மணி நேரத்தில் எழுந்து உள்ளே போய்விட்டார். தினமும் மருத்துவமனைக்குக் கிளம்புவார். வாசல் கேட் வரை போவார். திரும்பி வருவார். ரெஜினாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட பிறகு பீளமேட்டுக்குப் போய் அந்த மாடிப்படிக்குக் கீழேயும் ஒருநாள் நின்றார்.

ஒன்பதாம் நாள் மதியம் ஷெட்டுக்கு வந்தார். முகத்தில் நாலைந்து நாள் தாடி.

பூவாத்தாள் சோப்புத் தூள் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பெஞ்சின் மேல் ஒரு டிபன் கேரியர் இருந்தது. உடைந்த இன்ஜின் ஒரு மூலையில், சாக்கின் மேல் கிடந்தது.

“மேஸ்திரியம்மா.”

“வாங்ணா.”

“இனி என்னை இங்க சேர்த்துக்க மாட்டீங்கன்னு தெரியும். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேனுங்க.”

அவள் குழாயை மூடினாள்.

“எம் பையன் தொட்டதுல ஒண்ணாவது நிக்கட்டும்னு நினைச்சேன். அதுக்காக அந்தப் புள்ளையக் கொல்லப் பார்த்தேன். இப்ப அதுவும் இல்லை. இதுவும் இல்லை. நான் இனி எதை வெச்சுட்டு என்ன பண்றதுங்க?”

பூவாத்தாள் துண்டில் கையைத் துடைத்தாள், விரல் விரலாக. பிறகு டிபன் கேரியரை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது.

“ரசஞ்சோறு. குழையப் பிசையோணும். அவளுக்கு வலது கை இன்னும் அஞ்சு வாரத்துக்கு எந்திரிக்காது. வீட்லருந்து யாரும் வரலை. இத்தனை நாளும் நாந்தான் போயிட்டிருந்தேன்.”

வெள்ளிங்கிரி கேரியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“அவளுக்குத் தெரியுமுங்களா?”

“நான் சொல்லலை. இன்னும் தான் ஓட்டின தப்புன்னுதான் அழுவறா.”

வெள்ளிங்கிரி வாசலைப் பார்த்தார். வெளியே வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது.

“ஊட்டி முடிச்சுட்டுச் சொல்லட்டுங்களா? சாப்பிடாம இருந்துட்டா...”

“இல்லைங்ணா” என்றாள் பூவாத்தாள். “முதல்ல சொல்லுங்க. அதுக்கப்புறமும் அவ வாயைத் திறந்தா ஊட்டுங்க.”