ஹார்ட் டிஸ்கில் இருந்த மாமனார்

சுள்ளிமேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு மூளை கொஞ்சம் மட்டு என்று சுற்று வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கண்டித்து ஒருமுறை நாங்கள் கூட்டம் போட்டோம். ஊரே திரண்டு வந்தது. தலைவரைக் கூப்பிட மட்டும் மறந்துவிட்டோம். அவர் கோபித்துக்கொண்டு மேடைக்கு வந்து, தான் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை என்று மைக்கில் அறிவித்துவிட்டுப் போனார். நாங்களும் அதை நம்பிக் கூட்டத்தைக் கலைத்துவிட்டோம்.

அப்பேர்ப்பட்ட ஊரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் செம்மலை. வெள்ளிங்கிரியும் சென்னியப்பனும் அவருடைய கூட்டாளிகள். ஓடாத மோட்டாரை ஓட வைப்பார்கள். ஓடுகிற மோட்டாரையும் சும்மா விட்டதில்லை.

செம்மலையின் மாமனார் போய் ஒரு வருஷம் ஆகிறது. மனிதர் வாழ்நாளெல்லாம் உர்ரென்றே இருந்தவர். அவர் வாய்விட்டுச் சிரித்தது மகள் வேலாத்தாளின் கல்யாணத்தன்று மட்டும்தான். அந்தச் சிரிப்பு கல்யாண வீடியோவில் இருக்கிறது. திதி கும்பிட்ட கையோடு அப்பா சிரிப்பதை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று வேலாத்தாள் ஆசைப்பட்டாள். அண்ணன் ஆறுச்சாமியையும் சொந்தபந்தங்களையும் சாயங்காலம் வரச் சொல்லியிருந்தாள். அவள் புருஷனிடம் வாய்விட்டு ஒன்று கேட்பதே அபூர்வம் என்பதால், இதில் தப்பக் கூடாது என்று செம்மலை உறுதியாக இருந்தார்.

வீடியோ இருந்தது ஒரு ஹார்ட் டிஸ்கில். செம்மலையின் அக்கா மகள் கயல்விழி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். போன மாதம் வந்தவள் கல்யாண சிடியை அந்த டிஸ்கில் ஏற்றி, கூடவே சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரையும் கொடுத்துப் போனாள். மேல்மூடிகூட இல்லாத பச்சைப் பலகை. அதை டிவியோடு இணைத்து, டிஸ்கைச் செருகினால் படம் வரும் என்று சொல்லியிருந்தாள். படம்தான் டிஸ்கில் ஏறிவிட்டதே, இனி சிடி எதற்கு என்று செம்மலை அதைச் சோளக்காட்டில் கயிறு கட்டித் தொங்கவிட்டார், மயிலை விரட்ட. மயில்கள் அதில் முகம் பார்த்துவிட்டுச் சோளம் தின்றன.

திதியன்று மத்தியானம் எல்லாவற்றையும் மாட்டி சுவிட்சைப் போட்டார். பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. டிஸ்க் டிக் டிக் என்றது. டிவி மட்டும் கறுப்பாகவே இருந்தது.

கூட்டாளிகள் வந்தார்கள். மோட்டாரில் காயில் என்கிற கம்பிச்சுருள் கருகினால் வாசம் வருமே, அது வருகிறதா என்று வெள்ளிங்கிரி பலகையை மோந்து பார்த்தார்.

"காயில் புகையல" என்றார்.

"இதுல காயில் எங்கப்பா இருக்குது?" என்றார் சென்னியப்பன்.

"இல்லாததுனாலதான் புகையல."

இது சரியென்று மூவருக்கும் பட்டதால் கயல்விழிக்குப் போன் போட்டார்கள். அவள் பொறுமையாகச் சொன்னாள்: "மாமா, அதுல மாட்டியிருக்கிற எல்லாத்தையும் கழட்டிருங்க. அப்புறம் ஒவ்வொண்ணா மாட்டி மாட்டிப் பாருங்க. எதை மாட்டினா நின்னு போகுதோ, அதுதான் பிரச்சினை."

டிவி ஒயரைக் கழட்டினார்கள். கீபோர்டையும் மவுஸையும் கழட்டினார்கள். டிஸ்கைக் கழட்டினார்கள். சார்ஜர் ஒயரிடம் வந்ததும் கை நின்றது.

"கரண்ட் ஒயரும் சேத்தியா மாப்ள?" என்று கேட்டார் வெள்ளிங்கிரி.

"எல்லாம்னு புள்ள சொல்லுச்சில்ல. எல்லாம்னா அதுந்தான்" என்றார் செம்மலை.

கழட்டினார்கள். பிறகு ஒவ்வொன்றாக மாட்டினார்கள். கீபோர்டை மாட்டினார்கள், டிக் டிக் சத்தம் இல்லை. டிவியை மாட்டினார்கள், இல்லை. டிஸ்கையே மாட்டினார்கள், அப்போதும் பலகை சாந்தமாக இருந்தது. கடைசியாகச் சார்ஜரை மாட்டினார்கள். உடனே சிவப்பு விளக்கும் டிக் டிக்கும் ஆரம்பித்துவிட்டன.

செம்மலை போனை எடுத்தார். "கண்டுபிடிச்சுட்டோம் கண்ணு. கரண்டுதான் பிரச்சினை. கரண்ட் இல்லாத வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

டிக் டிக் சத்தம் போன் வழியாக அவளுக்கும் கேட்டது. பிறகு கயல்விழி சொன்னாள்: "ஒரு வகைல கரண்டுதான் மாமா. ஹார்ட் டிஸ்க் அதிகமா கரண்ட் இழுக்குது. அந்தப் பலகையால அவ்வளவு குடுக்க முடியல. அதுதான் டிக் டிக்."

மூவர் முகமும் மலர்ந்தது. இது அவர்கள் தொழில். எங்கள் ஊரில் ஒருவர் மோட்டார் கரண்ட் பற்றாமல் கிளம்பவில்லை என்றால் பக்கத்துத் தோட்டக்காரர்கள் தங்கள் மோட்டாரை நிறுத்திக்கொள்வார்கள். அது கிளம்பியதும் இவர்கள் போட்டுக்கொள்வார்கள். எத்தனை சண்டை சச்சரவு இருந்தாலும் இந்த ஒரு மரியாதை மட்டும் ஊரில் கெட்டதில்லை.

ஆளுக்கொரு பக்கமாகத் தெருவில் இறங்கினார்கள். செம்மலை வீட்டில் மாமனார் கிளம்ப மாட்டேன் என்கிறார், கொஞ்சம் கரண்டை நிறுத்துங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார்கள். செத்தவர் கிளம்புவதற்கு எதற்குக் கரண்ட் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாவு மில் நின்றது. சலூனில் ஒருவருக்குப் பாதித் தலையோடு மெஷினை நிறுத்தினார்கள். அவரும் மாமனாருக்காகப் பொறுத்துக்கொண்டார்.

திரும்பி வந்து பார்த்தால் டிக் டிக் நிற்கவில்லை.

"இன்னும் எதோ ஒண்ணு இழுக்குது" என்று சென்னியப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். "அட, இவ்வளவு பெரிய டிவி எரியுதே."

டிவியை அணைத்தார்கள். மூவரும் கறுப்புத் திரை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இப்பக் கிளம்பியிருக்கும்" என்றார் வெள்ளிங்கிரி.

"எப்படித் தெரியும்?"

"டிவியைப் போட்டுப் பாத்தாத் தெரியும்."

போட்டார்கள். கறுப்பாகத்தான் இருந்தது.

"பாத்தியா? கிளம்பினது, நீ டிவியப் போட்டதும் நின்னு போச்சு" என்றார் வெள்ளிங்கிரி. இப்படியே போட்டும் அணைத்தும், டிவி சுவிட்ச் சூடாகும் வரை பார்த்தார்கள். செம்மலைக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. ஊரில் உள்ள கிணற்றையெல்லாம் பேச வைத்தவன், சீட்டுக்கட்டு அளவுப் பலகையிடம் தோற்பதா என்று நினைத்துக்கொண்டார். கிணறு எதுவும் பேசியதில்லை என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

வெட்கத்தை விட்டு மறுபடி போன் போட்டு நடந்ததைச் சொன்னார்.

"டிவி மேல தப்பே இல்ல மாமா, தெருவுல கரண்டப் போடச் சொல்லுங்க" என்றாள் கயல்விழி. "இப்போதைக்கு அந்த டிஸ்கை மட்டும் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. திரை வந்ததும் எனக்குக் கூப்பிடுங்க. அடுத்து என்ன பண்றதுன்னு சொல்றேன்."

டிஸ்கைக் கழட்டினார்கள். சுவிட்சைப் போட்டதும் டிவி பளிச்சென்று வெளிச்சமாகி, ஒரு படம் வந்து நின்றது. வெள்ளிங்கிரி செம்மலையைக் கட்டிக்கொண்டார். தெருவில் மாவு மில் மறுபடி ஓடியது.

"புள்ளைக்குக் கூப்பிடோணும். அடுத்தது சொல்றேன்னுச்சு" என்றார் செம்மலை.

"எதுக்கு மாப்ள? ஓடிருச்சில்ல. ஓடுற மோட்டார்ல யாராச்சும் கை வைப்பாங்களா?" என்றார் சென்னியப்பன். அவர் வாழ்நாளில் முதல் தடவையாக இப்படிச் சொன்னதால் மற்ற இருவரும் மறுப்புச் சொல்லவில்லை. வேலையைக் கெடுத்த டிஸ்க் இனி கிட்டேயே வரக் கூடாது என்று, செம்மலை அதைப் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினார். எதையோ மறந்த மாதிரி அவருக்கு இருந்தது. மத்தியானம் சாப்பிடாததுதான் அது என்று நினைத்து, போய் இரண்டு கை சோறு போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டு முன்கூடமான ஆசாரம் நிறைய ஆட்கள். ஆறுச்சாமி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டிவியில் ஒரு மண் ரோடு. இரண்டு பக்கமும் மரம், கடைசியில் மலை. ஆள் நடமாட்டம் இல்லை. கம்ப்யூட்டர் திறந்ததும் தானாக வந்து நிற்கிற படம் அது.

வேலாத்தாள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏனுங்க, அப்பா எங்கீங்க?"

செம்மலைக்கு அப்போதுதான் உறைத்தது. மாமனார் பீரோவுக்குள் இருக்கிறார். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. நான் ஒரு மடையன் என்று ஒப்புக்கொண்டுவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"பேசாமப் பாரு தாயி" என்று ஆறுச்சாமி முந்திக்கொண்டார். "இது மண்டபத்துக்குப் போற ரோடாக்கும். அப்பா அன்னைக்குப் பால்காரனப் பாத்துப்போட்டுக் கடைசியாத்தான வந்தாரு. இப்ப வந்துருவாரு."

எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தார்கள். தண்ணீர் குடிக்க எழுந்தவர்கள் குனிந்தே போனார்கள். அவர் வருகிற நேரம் பார்த்து மறைத்துவிடக் கூடாதல்லவா. கொஞ்ச நேரத்தில் திரை தானாக இருண்டது.

"மண்டபத்துல கரண்ட் போச்சு" என்றார் ஆறுச்சாமி. "அன்னைக்கும் இப்படித்தான் போச்சு. ஒண்ணு விடாம எடுத்திருக்கான் வீடியோக்காரன்."

வெள்ளிங்கிரியின் முழங்கை மவுஸில் பட்டு, ரோடு திரும்ப வந்தது.

"ஜெனரேட்டர் வந்துபோச்சு" என்று ஆறுச்சாமி நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

வேலாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னுங் கொஞ்ச நேரம் பாக்கலாங்க. அப்பாவுக்குக் கால் வலி. மெதுவாத்தான் வருவாரு."

செம்மலையும் ரோட்டைப் பார்த்தார். கால்வலிக்காரர், அவ்வளவு தூரம் நடந்து வர நேரம் ஆகத்தான் செய்யும் என்று அவருக்கும் பட்டது. திடீரென்று ஒரு நினைப்பு வந்து அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாருக்கும் தெரியாமல் எழுந்து உள்ளே போனார். பூட்டைத் திறந்து, பட்டுப் புடவைகளை ஓரமாக ஒதுக்கி வழி விட்டு, பீரோக் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து, மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, மாமனார் வரும் வழியைப் பார்க்க ஆரம்பித்தார்.