காலியாக இருந்த நீதிப் பாறை

கடம்பக் காட்டில் செவ்வாலன் என்றொரு கீரி இருந்தது. வாய் ஓயாத கீரி! முதலில் முயல், அணில் போன்ற எளிய பிராணிகளுக்காக வாதாடியது. அதன் பேச்சில் மயங்கிய சிங்க ராஜா, அதைத் தன் அரசு வக்கீலாக்கியது. பன்னிரண்டு வருஷம் அந்த வேலை. அதன் வாயில் விழுந்த பாம்பு எதுவும் தப்பியதில்லை!

காட்டின் நீதிபதி ஒரு கிழட்டு ஆமை. அது ஒருவழியாகக் கண்ணை மூடியதும், சிங்கம் செவ்வாலன் பெயரைச் சொன்னது. யானைகளின் சபை மூன்று நாள் குடைந்து குடைந்து கேள்வி கேட்டது. பிறகு தும்பிக்கைகளைத் தூக்கிச் சம்மதித்தது. நீதிப் பாறையில் ஏறியவர் சாகும்வரை நீதிபதிதான். சிங்கமே நினைத்தாலும் இறக்க முடியாது.

முதல் வழக்கே பாம்பு வழக்கு! கௌதாரியின் முட்டைகளை அன்று காலையில் ஒரு சாரைப்பாம்பு தின்றுவிட்டதாம். குற்றம் உறுதியானால் அது காட்டைவிட்டே போக வேண்டும். அதன் புற்றிலோ பொரியாத முட்டைகள் இருந்தன. தாய் போய்விட்டால் அவை என்ன ஆகும்? பாவம், சாரை ஊர்ந்து வந்து நின்றது.

புது அரசு வக்கீலான நரி, உடைந்த முட்டை ஓடுகளைக் காட்டி வாயைத் திறந்தது. அதற்குள் பாம்பைக் கண்ட செவ்வாலனுக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. பாறையிலிருந்து குதித்தது. நரியைத் தள்ளிவிட்டுத் தன் பழைய இடத்தில் நின்றது. பாறையைப் பார்த்துக் கும்பிட்டது.

"கனம் நீதிபதி அவர்களே! இவள் பரம்பரைத் திருடி! இரக்கமே காட்டாதீங்க!"

பாறை ஒன்றும் சொல்லவில்லை.

சாரை மெல்லத் தலையைத் தூக்கியது. "ஐயா, பாறை காலியா இருக்கே! நான் யாருகிட்ட முறையிடுறது?"

செவ்வாலனை வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுபடியும் பாறைமேல் ஏறி உட்கார்ந்தது.

"சொல்லும்மா, கேட்கிறேன்" என்றது. ஒரு பாம்பிடம் அது அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"பாம்பு முட்டையை முழுசா விழுங்கும், ஐயா! ஓட்டை உடைச்சுக் குடிக்கிறது எங்க வழக்கமே இல்லை!"

"அப்போ யாரோட வழக்கமாம்?" என்று கத்தியது நரி.

செவ்வாலனுக்குப் பதில் நன்றாகவே தெரியும். அது கீரிகளின் வழக்கம்! கூட்டத்தைப் பார்த்தது. அங்கே அதன் மைத்துனன் அவசர அவசரமாக மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. துடைக்கத் துடைக்க மஞ்சள் கரு காதுவரை பரவியது.

"டேய் மச்சான்! முன்னால வா!"

"அத்தான்! நான் அக்காகிட்ட சொல்லிடுவேன்!"

"தாராளமா சொல்லு! சிங்கத்தாலேயே என்னை இறக்க முடியாது. உங்க அக்காவால முடியுதான்னு பார்ப்போம்!"

மைத்துனன் காட்டைவிட்டுப் போனது. சாரை தன் முட்டைகளிடம் ஓடியது. செவ்வாலனுக்கு மூன்று நாள் வீட்டில் சோறு கிடைக்கவில்லை. ஆனாலும் நிம்மதியாகத் தூங்கியது.

நீதி சொல்ல உட்காருபவர், பழைய பகையையும் நெருங்கிய உறவையும் கீழே வைத்துவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும்.