வல்லானை உயிரோடு புதைத்த செம்பி

நண்டும் நாரையும் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில், கரையில் குடியிருந்த சங்கு நண்டுகள் தோல் உரிப்பதை விழாவாகக் கொண்டாடின. வெயிலில் பொரிந்த வெள்ளை மணலைப் பரப்பி, உரிக்கப்போகிறவரை நடுவில் உட்கார வைப்பார்கள். சொந்தபந்தம் சுற்றி நிற்கும். கழன்ற தோலைக் காயவைத்து வாசலில் தொங்கவிடுவார்கள். எத்தனை தோல் தொங்குகிறதோ, வீட்டுக்கு அத்தனை மதிப்பு. முதுகில் சுமக்கும் சங்குக்குள் துளி ஈரம் தெரிந்தாலும் ஊர் சிரிக்கும்.

விழாவுக்கு உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் எழுந்ததில்லை. விதி என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் விருந்துக்குப் போவார்கள்.

பங்குனி மாதத்தில் வல்லானின் முறை வந்தது. விழாவை நடத்தியவள் அவன் அக்கா முத்தாரி. அவள் வாசலில் பதினொரு தோல்கள் தொங்கின. உச்சிவெயில் ஏறியதும் வல்லானுக்கு மூச்சு இரைத்தது. பழைய தோல் முதுகில் லேசாக வெடித்து, அதோடு நின்றுவிட்டது.

“தம்பிக்கு மூச்சு முட்டுது. விசிறுங்கடி!” என்றாள் முத்தாரி.

நாரை இறகுகளால் விசிறினார்கள். விசிற விசிற அவன் கால்கள் துவண்டன.

வல்லானின் மனைவி செம்பி கிட்டப் போய்ப் பார்த்தாள். அவன் செவுள் காய்ந்து, காகிதம்போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது.

“விசிறாதீங்க மதினி. காத்து பட்டுத்தான் காயுது. இவருக்கு ஈரம் வேணும்.”

“விழா மணல்ல தண்ணி படக் கூடாதுன்னு உங்க வீட்ல சொல்லித் தரலையா?”

செம்பி கடலுக்கு ஓடினாள். கொடுக்கில் அள்ளிய தண்ணீர் வழியிலேயே சிந்தியது. திரும்ப ஓடி, தன் சங்குக்குள்ளேயே தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

“வீட்டுக்குள்ள தண்ணியை விட்டுக்கிட்டு வர்றா பாரு, வெக்கங்கெட்டவ!” என்று கூட்டம் சிரித்தது.

செம்பி அதை வல்லான்மேல் ஊற்றினாள். செவுள் அசைந்தது. ஆனால் காய்ந்த மணல் தண்ணீரை உடனே குடித்துவிட்டது. வல்லான் மறுபடி இரைத்தான். இந்த மணலில் இவன் பிழைக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

தாழம்புதர் நிழலுக்குப் போய்த் தோண்டினாள். முதல் குழி காய்ந்த மணல், சரிந்து மூடிக்கொண்டது. அடுத்தது தண்ணீர் ஓரம். குழி நிறையத் தண்ணீர் ஊறி நின்றது. மூன்றாவது இடத்தில் ஒரு கொடுக்கு மணலை அள்ளி அழுத்தினாள். உருண்டையாக நின்றது, தண்ணீர் சொட்டவில்லை. தன் உயரத்தைப்போல மூன்று மடங்கு ஆழம் தோண்டி, வல்லானைச் சங்கோடு இழுத்துவந்து உள்ளே இறக்கி, மேலே மணலைத் தள்ளி மூடினாள்.

முத்தாரி மார்பில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, என் தம்பியை உயிரோட புதைக்கிறாளே!”

“புதைக்கல மதினி. ஈரத்துல படுக்க வச்சிருக்கேன்” என்று செம்பி அந்த இடத்தின்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

பத்து நாள் போனது. மணல் காய்ந்த வேளைகளில் சங்கில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தாள். மற்ற நேரம் நகரவில்லை.

“தோண்டிப் பாருடி. முகத்தையாவது பாக்கணும்ல?” என்று வந்து நின்றாள் முத்தாரி.

“செத்திருந்தா நாத்தம் அடிச்சிருக்கும். அடிக்குதா?”

முத்தாரி மோந்து பார்த்தாள். அடிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

முப்பதாம் நாள் முத்தாரி ஆறேழு பேரைத் திரட்டிக்கொண்டு தோண்டியே தீருவேன் என்று வந்தாள். செம்பி கொடுக்கை விரித்தாள்.

“அவர் தோல் இப்போ பூ மாதிரி இருக்கும். உங்க கொடுக்கு பட்டாலே கிழியும். அக்காவே தம்பியைக் கொன்ன பேரு உங்களுக்கு வேணுமா?”

முத்தாரி தயங்கி நின்றாள். கூட்டமும் நின்றது. ஒருவரும் தோண்டவில்லை, ஒருவரும் வீட்டுக்கும் போகவில்லை.

ஐந்து நாள் கழித்து மணல் தானாகப் பிளந்தது. வல்லான் வெளியே வந்தான். முன்னைவிடப் பெரியவனாக, பளபளவென்று, பழைய சங்கில் அடங்காமல் பிதுங்கிக்கொண்டு வந்தான்.

“தோல் எங்கடா?” என்றாள் முத்தாரி.

“தின்னுட்டேங்கா. உள்ள வேற என்ன இருக்கு? அதைத் தின்னதும்தான் புதுத் தோல் இறுகுச்சு.”

முத்தாரிக்கு அடுத்த மாதம் தோல் உரிக்கும் முறை. அவள் செம்பியின் பக்கம் திரும்பினாள். “இந்த மூணாவது குழிக்கு மணலை எப்படிடி பாத்துக் கண்டுபிடிச்சே?”

அன்று தொடங்கியதுதான், சங்கு நண்டு தன் சங்குக்குள் தண்ணீர் சுமப்பதும், பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈர மணலுக்குள் ஆழமாக இறங்கித் தோல் உரிப்பதும், உரித்த தோலைத் தானே தின்பதும். இன்று கண்ணாடித் தொட்டியில் அதை வளர்ப்பவர்கள் ஈரம் போகாமல் மூடி போட்டு, ஆழமாக மணல் நிரப்பி, உள்ளே போன நண்டைத் தோண்டாமல் காத்திருப்பதும் செம்பி அன்று காத்திருந்த காத்திருப்புத்தான்.